நீர்வர்ணச் சித்திரத்தில் நடுவர் எதைப் பார்க்கிறார்?

(நூற்றாண்டுச் சித்திரக் கண்காட்சியின் பரிசளிப்பில் நடுவர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இந்தக் கண்காட்சிக்கு நடுவர்களாக இருந்த நாங்கள் மூவரும் இப்பாடசாலையின் பழைய மாணவிகள். ஒருவர் சித்திர ஆசிரியை, ஒருவர் கட்டடக் கலைஞர், மற்றவர் ஓய்வு நாட்களில் தூரிகை பிடிக்கும் வைத்தியர். முடிவை வாசித்துவிட்டு இறங்கிப் போவது எங்களுக்குச் சுலபம். ஆனால் பரிசு கிடைக்காத பிள்ளை காரணம் தெரியாமல் வீட்டுக்குப் போனால், 'எனக்குக் கீற வராது' என்று தானே ஒரு காரணத்தை முடிவுகட்டிவிடும். பிறகு அந்தப் பிள்ளை தூரிகையைத் தொடாமலே இருந்துவிடவும் கூடும். ஆகவே, நாங்கள் எதைப் பார்த்தோம் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் நாங்கள் படங்களுக்குக் கிட்டப் போகவில்லை. மண்டபத்தின் நடுவில் நின்று கண்ணை அரைவாசி மூடிப் பார்த்தோம். அப்படிப் பார்த்தால் வர்ணங்கள் மங்கி, வெளிச்சமும் இருளும் மட்டுமே மிஞ்சும். அவை சரியாக அமைந்த படம் தூரத்திலிருந்தும் எங்களைக் கூப்பிட்டது. அமையாத படம், வர்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும், தட்டையாகவே தெரிந்தது.

பிறகு கிட்டப் போனோம். நீர்வர்ணத்தின் உயிர் அதன் ஒளி ஊடுருவும் தன்மை. தைலவர்ணத்தில் வெள்ளையைக் கடைசியிலும் பூசலாம். நீர்வர்ணத்திலோ வெள்ளை என்பது பெரும்பாலும் கடதாசிதான். வெளிச்சம் மெல்லிய வர்ணப் படையைக் கடந்து, கடதாசியில் பட்டுத் திரும்புவதால்தான் படம் ஒளிர்கிறது. எனவே எந்த இடத்தைத் தொடாமல் விடுவது என்று தொடங்கும் முன்பே தீர்மானிக்க வேண்டும். காயாத வர்ணத்தின் மேல் வேறு வர்ணங்களைத் திரும்பத் திரும்பத் தேய்த்தால் எல்லாம் சேறாகிவிடும்.

அடுத்தது ஓரங்கள். ஈரக் கடதாசியில் இட்ட வர்ணம் பரவிக் கரையும். காய்ந்த கடதாசியில் இட்டது கூரிய ஓரத்தோடு நிற்கும். மழை முகிலுக்கு முதலாவது பொருந்தும், கிணற்றுக் கட்டுக்கு இரண்டாவது. மாரி காலத்தில் கடதாசி காய நேரமெடுக்கும். பங்குனி வெயிலில் தூரிகையை நனைத்து எடுக்குமுன் காய்ந்துவிடும். பிள்ளை காத்திருந்ததா, அவசரப்பட்டதா என்பதைப் படமே சொல்லிவிடும்.

மூன்றாவதாக, பிள்ளை தன் கண்ணால் பார்த்ததா என்று தேடினோம். தென்னை, தோணி, சூரிய அஸ்தமனம் ஆகியவை பல படங்களில் ஒரே மாதிரி இருந்தன. கலண்டர் படத்தைப் பார்த்துக் கீறுவது நல்ல பயிற்சிதான். ஆனால் கண்காட்சியில் நாங்கள் தேடுவது உங்கள் வீட்டுத் தென்னையை. பெரியவர்களின் கை பட்ட இடமும் தெரியும், பெற்றோர்களே! பத்து வயதுப் பிள்ளையின் கோடு பத்து வயதுக் கோடாக இருப்பதே அதன் அழகு.

நாங்கள் புள்ளி குறைக்காத ஒன்றும் உண்டு. சதுர மீற்றருக்கு 300 கிராம் நிறையுள்ள தடித்த கடதாசி நீரை நன்றாகத் தாங்கும். சித்திரக் கொப்பித் தாள் நனைந்தவுடன் நெளியும். வர்ணம் பள்ளங்களில் தேங்கும். வெளிநாட்டிலிருந்து மாமி அனுப்பிய வர்ணப்பெட்டியும், சந்திக் கடையில் வாங்கிய சின்னப் பெட்டியும் ஒரே சுவரில் தொங்கும்போது, பொருளின் குறையைப் பிள்ளையின் குறையாக எண்ணக் கூடாது என்று முதலிலேயே தீர்மானித்தோம்.

கடைசியில் இரண்டு படங்கள் மிஞ்சின. ஒன்று கோயில் வீதி. ஒரு பிசகும் இல்லாத, கவனமான வேலை. வெளிச்சம் எல்லாம் வெள்ளை வர்ணத்தால் பூசப்பட்டிருந்தது. அது குற்றமல்ல. ஆங்கில ஓவியர் ரேணரும் (1775–1851) ஒளிபுகா வர்ணத்தைப் பாவித்தவர்தான். மற்றது கொடியில் காயும் இரண்டு பாடசாலைச் சீருடைகள். வானத்தில், காயும் வர்ணத்தில் நீர்த்துளி விழுந்து பூப்போல விரிந்த கறை ஒன்று இருந்தது. ஆனால் சீருடைகளின் வெள்ளை முழுவதும் தொடாத கடதாசி. மடிப்புகளில் மட்டும் நீலச் சாம்பல் நிழல். காற்று வீசுவதும் தெரிந்தது.

எங்களில் ஒருவர் கோயில் வீதிக்காக நெடுநேரம் வாதாடினார். பிழையில்லாத உழைப்பை இரண்டாவதாக வைத்தால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆயினும் முதற்பரிசைச் சீருடைகளுக்கே வழங்கினோம். கறை அடுத்த முறை வராமல் போகும். எங்கே நிறுத்த வேண்டும் என்ற அறிவு அவ்வளவு எளிதில் வராது. மருந்து எழுதும் கைக்கும் இது தெரிந்த விடயம். எழுதாமல் விடுவதும் வைத்தியத்தில் ஒரு பகுதிதான். கோயில் வீதியைக் கீறிய தங்கச்சி, உன் கைக்கு எல்லாம் வருகிறது. அடுத்த படத்தில் கொஞ்சம் கடதாசியை எங்களுக்காக விட்டுவை.

உலகெங்கும் வாழும் எம் பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது, கேடயங்களுக்குப் பதிலாகச் சித்திர அறைக்கு ஒரு கட்டுத் தடித்த கடதாசி கொண்டுவாருங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே கடதாசியில் கீறும் கண்காட்சியில் தீர்ப்புச் சொல்வது இன்னும் நேர்மையான வேலையாக இருக்கும்.