பாறையின் வரிகளும் கிணற்றுக் கடனும்

(ஓடைப்பட்டி ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



கிணறு வெட்டும் தோட்டத்தின் கரையில் குவிந்து கிடக்கும் கற்களை இவ்வூரில் காணாதவர் ஒருவருமிலர். அவற்றுட் பல, கறுப்பும் வெளுப்புமாக வரி வரியாய், மடித்து வைத்த ஜமக்காளத்தைப் போலத் தோன்றுகின்றன. இடையிடையே காக்காய்ப்பொன் மின்னுகிறது. அதைக் கண்டவருள் சிலர், “அடியில் உலோகம் இருக்கிறது” என்பர். வேறு சிலர், “பாறை அடுக்கடுக்காக இருப்பதால் அடுக்குகளுக்கு நடுவே நீர் ஓடும், இன்னும் நூறு அடி இறக்கினால் அகப்படும்” என்பர். முதற் பேச்சினால் பெரும்பாலும் நஷ்டம் ஒன்றுமில்லை. இரண்டாவது பேச்சை நம்பியோ, நகையை அடகு வைத்தும் சங்கத்தில் கடன் பெற்றும் துளை இறக்குகின்றனர். ஆகையால் பாறையின் வரி எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை அறிதல் குடியானவருக்கு மிகவும் அவசியமாகும்.

வண்டல் அடுக்கு உண்டாகும் விதம்

கோடையில் கண்மாயில் கரம்பை மண் வெட்டுவோர் அடுக்கு என்பதைக் கண்கூடாகக் காணலாம். வெள்ளம் வேகமாக வரும்போது முதலில் மணல் படிகிறது. நீர் அசைவற்று நின்றபின் நுண்ணிய களிமண் படிகிறது. மறுவருஷத்து வெள்ளம் அதன்மேல் வேறொரு மணலைப் பரப்புகிறது. இவ்வாறு கடலிலும் ஏரியிலும் ஆற்றுமுகத்திலும் கோடிக்கணக்கான வருஷங்கள் படிந்த வண்டல், மேலிருக்கும் பாரத்தினால் இறுகிக் கல்லாகிறது. மணல் மணற்கல்லாகவும், களி களிக்கல்லாகவும் மாறும். இவற்றைப் படிவுப் பாறைகள் என்பர்.

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் இத்தகையது. ஏறக்குறைய 10 கோடி வருஷங்களுக்கு முன் அங்கே கடல் இருந்தது; அக்கடலில் வாழ்ந்த பிராணிகளின் சுருண்ட ஓடுகள் இன்றும் கல்லினுள் கிடைக்கின்றன. நெய்வேலியும் அடுக்கு நிலமே. அவ்விடத்தில் 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்துக் கிணற்றில் நீரோடு கரிய பொருள் வெளிப்பட்டதே பழுப்பு நிலக்கரியைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வழிகாட்டியது என்பது பிரசித்தம். அந்நிலக்கரியின் அடியிலுள்ள மணல் அடுக்கில் நீர் மிகுந்த அழுத்தத்துடன் நிற்கிறது. அதை இடைவிடாது இறைத்தாலன்றிச் சுரங்க வேலை நடவாது. மணலுக்கும் மணலுக்கும் இடையே சந்து இருப்பதால், அடுக்கு முழுவதும் நீர் பரவி நிற்க இடமுண்டு. “ஆழம் போனால் நீர் வரும்” என்ற வாக்கு இத்தகைய நிலத்தில் பிறந்ததாகும்.

கஞ்சமலையின் பாடம்

உலோகம் விளையும் பூமியில் அடுக்குப் பாறை எவ்வாறிருக்கும் என்பதற்குச் சேலம் ஜில்லாவே தக்க உதாரணம். சேலம் நகருக்கு மேற்கேயுள்ள கஞ்சமலையில் கறுப்பும் வெளுப்புமான வரிகளைத் தெளிவாகக் காணலாம். கறுப்பு வரி காந்தக்கல். அதாவது இரும்புத் தாது. வெளுப்பு வரி வெங்கச்சங்கல். இவையும் ஆதியில் கடலடியில் படிந்த வண்டலே. 250 கோடி வருஷங்களுக்கு முற்பட்ட கடல்நீரில் இரும்பு மிகுதியாகக் கரைந்திருந்தது. அது பிராணவாயுவுடன் சேர்ந்து துருவைப் போலப் பிரிந்து அடியில் படிந்தது. அதனோடு மாறி மாறி வெங்கச்சங்கற் பொருளும் படிந்தது. பின்னர் அவ்வடுக்குகள் பூமியின் ஆழத்தில் புதைந்து, கடும் வெப்பத்தினாலும் அழுத்தத்தினாலும் வெந்து, மடிந்து, ஓர் ஓடத்தின் அடிப்பாகம்போல் வளைந்தன. அதனால் மலையின் ஒரு பக்கத்தில் காணப்படும் இரும்பு வரி, உட்புறமாகச் சாய்ந்து சென்று மறுபக்கத்தில் தலைகாட்டுகிறது.

இவ்விரும்பைப் பழங்காலத்தார் அறிந்திருந்தனர். மலையடிவாரத்து ஓடைகளில் சேரும் கருமணலை அலசியெடுத்து, கரியிட்டுச் சிறு உலைகளில் உருக்கினர். 1830-ஆம் வருஷத்தில் ஜோஷையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலையை நிறுவி, சேலத்துத் தாதுவைக் கொண்டு வேலை தொடங்கினார். தாதுவுக்குக் குறைவில்லை, உலைக்கு வேண்டிய கரிக்குத்தான் பஞ்சம். காடுகள் குறையக் குறையக் கரியின் செலவு ஏறியது; பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்பே அம்முயற்சி கைவிடப்பட்டது.

பிற்காலத்தில் கஞ்சமலையின் அருகிலேயே சேலம் உருக்காலைக்கு 1970-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் துருப்பிடிக்காத எஃகுத் தகடு செய்யும் அவ்வாலை கஞ்சமலைத் தாதுவை உருக்குவதில்லை. அத்தாதுவில் நூற்றுக்கு ஏறக்குறைய 35 பங்கே இரும்பு. பெல்லாரி, ஹொஸ்பேட்டைப் பக்கத்தில் வெட்டப்படும் உயர்ந்த தாதுவிலோ 60 பங்குக்கும் மேல் உண்டு. கஞ்சமலைக் கல்லைப் பொடியாக்கிக் காந்தத்தினால் இரும்பைப் பிரிக்க வேண்டும். அதற்குச் செலவு மிகுதி. ஆகவே, உலோகம் பூமியில் இருப்பது வேறு, அது இலாபம் தருவது வேறு என்பது கஞ்சமலை கற்பிக்கும் பாடம். நீருக்கும் இக்கணக்குப் பொருந்தும்.

இவ்வூர்ப் பாறையின் இயல்பு

கம்பம் பள்ளத்தாக்கின் அடியிலும், அதைச் சூழ்ந்த மலைகளிலும் உள்ளவை பெரும்பாலும் வரிப்பாறையும் சார்னக்கைட் என்னும் கரும்பாறையும் ஆகும். சென்னைப் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள கருங்கல் இவ்வகையினதே. கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் சமாதியில் பதித்த கல்லை 1893-இல் ஆராய்ந்த ஹாலந்து என்னும் பூமிசாஸ்திரி, அவர் பெயரையே இப்பாறைக்குச் சூட்டினார். போடி மேற்கு மலையில் பொட்டிப்புரத்தருகே நியூட்ரினோ ஆராய்ச்சிக்கூடம் அமைக்க 2015-இல் மத்திய சர்க்கார் அநுமதி தந்ததும், அம்மலை கெட்டியான ஒரே பாறையாக இருப்பதை முன்னிட்டே. பின்னர் எதிர்ப்பும் வழக்குகளும் குறுக்கிட்டன. எனினும், பாறையின் உறுதியைப் பற்றி அறிஞர் கூறியது இவ்வூர்க் கிணற்றுக்காரரும் அறியத்தக்கது.

இவ்வரிகள் வெள்ளம் பரப்பிய அடுக்குகள் அல்ல. பூமியின் ஆழத்தில் பாறை வெந்து நசுங்கியபோது கரிய பொருள் ஒரு பக்கமும் வெளிய பொருள் ஒரு பக்கமுமாகப் பிரிந்ததனால் உண்டான கோடுகள். சில பாகங்கள் ஆதியில் வண்டலாகவே இருந்திருக்கலாம். ஆயினும் அந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் சந்துகள் யாவும் அடைபட்டுவிட்டன. வரி உண்டு, நடுவே நீர் நிற்க இடமில்லை. மின்னும் காக்காய்ப்பொன்னும் இவ்வகைப் பாறையில் சாதாரணமாகக் காணப்படும் பொருளே. அதனால் பொன்னோ வெள்ளியோ அடியில் இருப்பதாகக் கொள்ளுதல் பிழையாகும்.

அப்படியாயின் இவ்வூரில் நீர் எங்கே நிற்கிறது? இரண்டே இடங்களில். ஒன்று, மேல்மண்ணுக்கும் கெட்டிப் பாறைக்கும் நடுவே, வெயிலாலும் மழையாலும் உளுத்துச் சரளையாகிப்போன பாகம். மற்றொன்று, அதன் கீழுள்ள பாறையின் வெடிப்புக்கள். உளுத்த பாகம் ஓரிடத்தில் ஆழமாகவும் மற்றோரிடத்தில் ஆழமின்றியும் இருக்கும். வெடிப்போ ஆழம் செல்லச் செல்லப் பொதுவாக அருகிப்போகும்; மேலிருக்கும் பாரம் அதை நெருக்கிவிடுகிறது. ஆகையால் இங்கே ஆழத்திற்குத் தக்கபடி செலவு நிச்சயமாக ஏறும். நீர் அவ்வாறு ஏறுவது நிச்சயமன்று.

கடனுக்கு முன் கணக்கு

ஒருவர் திராட்சைத் தோட்டத்திற்குக் கிணறு இறக்கக் கடன் கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிழக்கேயுள்ள கிணற்றில் 25 அடியிலேயே கெட்டிப் பாறை வந்தது. மேற்கேயுள்ள கிணற்றில் 60 அடி வரையில் உளுத்த பாறையே இருந்தது. வடக்கே இரண்டு துளைகள் வறண்டு போயின. இம்மூன்று செய்திகளும் அவர் கையிலிருந்தால், தம் நிலத்தின் மேற்கு ஓரத்தையே முதலில் சோதிப்பார். அவை இல்லாவிடின் தேங்காயையும் வேப்பங்குச்சியையும் நம்புவார். துளை வறண்டால் கொடி காயும், தவணை காயாது. தவணை தவறினால் நஷ்டம் அவரோடு நில்லாது. சங்கத்தின் பணம் அண்டை வீட்டாரின் சேமிப்பாதலால், அவர்களையும் அது தாக்கும்.

எனவே ஒவ்வொரு சங்கமும் கிணற்றுப் புத்தகம் ஒன்று வைத்தல் நலம். ஊரிலுள்ள ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பக்கம். மேல்மண் எத்தனை அடி, உளுத்த பாறை எத்தனை அடி, கெட்டிப் பாறை எங்கே தொடங்கிற்று, ஊற்றுக்கண் எந்த ஆழத்தில் எந்தத் திசையில் திறந்தது, சித்திரையிலும் மார்கழியிலும் நீர்மட்டம் என்ன என்பவற்றை அதில் குறிக்க வேண்டும். வறண்ட துளைகளை வெட்கத்தினால் மறைக்கலாகாது. வென்ற கிணற்றைவிட வறண்ட துளையே அடுத்தவருக்கு அதிகப் பாடம் கற்பிக்கும். இப்புத்தகத்திற்கு ஆகும் செலவு ஒரு நோட்டும் ஓர் அளவுநூலுமே.

புத்தகத்தைப் பார்த்தபின் பூமிசாஸ்திர நிபுணரைக் கொண்டு மின்தடை அளவு பார்த்தல் உசிதம். ஈரமுள்ள உளுத்த பாறை மின்சாரத்தை எளிதில் விடும். கெட்டிப் பாறை தடுக்கும். இவ்வேற்றுமையால் உளுத்த பாகத்தின் ஆழத்தை உத்தேசமாக மதிப்பிடலாம். இதுவும் முழு நிச்சயம் தருவதன்று. ஆயினும் குருட்டுத் துளையைவிட மேலானது. கடனையும் ஒரே தடவையில் கொடாமல், வேலையைப் பார்வையிட்டுத் தவணை தவணையாகக் கொடுத்தால், நம்பிக்கையற்ற இடத்தில் பாதியிலேயே நிறுத்திக்கொள்ள வழியுண்டு.

கடைசியாக ஒன்று. நெய்வேலியின் மணல் அடுக்கைப்போல் வெகுதூரம் பரவிய நீர்த்தேக்கம் இவ்வூரின் அடியில் இல்லை. இங்கே கிணற்றிலுள்ள நீர் பெரும்பாலும் இந்நிலத்திலும் இவ்வோடைகளிலும் விழுந்து இறங்கிய மழையே. அடுத்தடுத்த தோட்டங்கள் ஒரே வெடிப்பிலிருந்து இறைப்பதும் உண்டு. ஒருவர் ஆழத் துளைத்தால் மற்றவர் கிணறு வற்றக்கூடும். ஆதலால் ஓடைக்குக் குறுக்கே தடுப்பணை கட்டுதலும், ஊருணியைத் தூர் வாருதலும், இரண்டு மூன்று பேர் கூடி ஒரே கிணற்றைப் பயன்படுத்துதலும் புதிய துளைகளைவிட அதிகப் பலன் தரும். நிலத்தடி நீர் தனித்தனிச் சொத்தாக இராதபோது, அதைக் காப்பதும் கூட்டுக் காரியமே ஆகும். அடுத்த மகாசபைக்குள் கிணற்றுப் புத்தகத்தின் முதற் பக்கங்களையேனும் அங்கத்தினர்கள் எழுதி முடிப்பார்களாக.