மறுக்கும் முன் எடுத்துரைத்தல்

(மலேசியாவின் மெர்சிங்கில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



மறைந்த பெரியவர் ஒருவர் நினைவாக நடக்கும் பொழிவு இது. நம் சமய நூல்கள் போற்றிய ஒரு பண்பை உங்கள்முன் வைப்பதே அவருக்கு நான் செலுத்தும் மரியாதை. மாற்றுக் கொள்கையை மறுக்கும் முன், அக்கொள்கைக்கு உரியவரே ‘ஆம், நான் சொல்வது இதுதான்’ என்று ஒப்பும்படி அதை எடுத்துரைக்க வேண்டும். இதைச் செய்தவருக்கே மறுக்கும் உரிமை உண்டு.

இதை மெர்சிங்கில் சொல்லக் காரணம் இருக்கிறது. பெருநகரத்தில் கருத்து ஒவ்வாதவர்கள் ஆளுக்கொரு கோயில், ஆளுக்கொரு மன்றம் என்று பிரிந்து போகலாம். கடலோரச் சிற்றூரில் அந்த வசதி இல்லை. சித்தாந்தம் படித்தவரும், வேதாந்த வகுப்புக்குப் போய் வந்தவரும், பெருமாளைச் சேவிப்பவரும், முனீஸ்வரனுக்குப் பொங்கல் வைப்பவரும் ஒரே பந்தியில்தான் அமர்கிறார்கள். ஆகவே இங்கே பேசத் தெரிவது நம் வாழ்க்கைத் தேவை.

சித்தியார் காட்டும் முறை

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 நூற்பாக்களில் சிவஞானபோதம் அருளினார். அதற்கு வழிநூலாக அருணந்தி சிவாசாரியார் செய்தது சிவஞான சித்தியார். அதன் முதற்பகுதியான பரபக்கம் உலகாயதர் தொடங்கிப் பாஞ்சராத்திரி வரை 14 கொள்கைகளை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றிலும் முதலில் அவர்கள் மதம், பிறகே மறுப்பு. கண்ணால் காண்பதே சான்று, உடலுக்கு அப்பால் உயிர் என்று ஒன்றில்லை என்னும் உலகாயதனுக்குக்கூட முழுதாகப் பேச இடம் கிடைக்கிறது. தம் கொள்கையை நிறுவும் சுபக்கம் இத்தனைக்கும் பின்னர்தான் வருகிறது.

அருணந்தியார் மறுப்பு கடுமையானது. ஏளனமும் அதில் உண்டு. ஆனாலும் எதிராளி சொல்லாததைச் சொன்னதாகக் காட்டி எளிதில் வெல்ல அவர் முயலவில்லை. அதனால்தான் தமிழில் உலகாயதத்தை அறிய விரும்புவோர் இன்றும் அதை மறுத்தவருடைய நூலைத் தேடிப் போகிறார்கள்.

அவர் வாழ்க்கையைப் பற்றி மரபு சொல்லும் செய்தியும் இங்கே பொருந்தும். அவர் சகலாகம பண்டிதர்; மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குரு. வயதில் மிக இளையவரான மெய்கண்டாரிடம் ஆணவ மலத்தின் இயல்பு பற்றிக் கேட்கப் போனவர், விடை தம் நிலையிலேயே இருப்பதை உணர்ந்து அவருக்கு மாணவரானார் என்பர். மூத்தவர் இளையவரிடம் பாடம் கேட்டதைச் சைவம் மறைக்கவில்லை. தன் ஆசிரியர் மரபான சந்தான குரவர் வரிசையிலேயே அதை நிறுத்தி வைத்திருக்கிறது.

கேட்பதும் வினவுவதும்

இதே பண்பைக் காப்பியத்திலும் காணலாம். மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி மாநகரில் அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி எனப் பலரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள் மணிமேகலை. கடைசியில் நேர்க்காட்சியை மட்டுமே நம்பும் பூதவாதியிடம் ஒரு வினா எழுப்புகிறாள்: உன் தாய் தந்தையர் இவர்தாம் என்பதைக் கருதி அறிவதன்றி வேறெப்படி அறிவாய்? எதிராளி வாழும் வாழ்க்கையிலிருந்தே எடுத்த வினா அது. அவ்வளவு பேர் சொன்னதையும் கேட்டு முடித்த பின்பே அதை எழுப்புகிறாள்.

வீட்டுக்குள்ளே வாதம்

அயலாரோடு பேசுவதைவிட நம்மவரோடு பேசுவது கடினம். உமாபதி சிவாசாரியார் 1313இல் இயற்றிய சங்கற்ப நிராகரணம் அந்தக் கடினமான வேலையைச் செய்கிறது. மாயாவாதியை ஐக்கியவாதி மறுக்கிறார், அவரைப் பாடாணவாதி மறுக்கிறார், அவரைப் பேதவாதி. இப்படியே தொடர்ந்து சைவவாதி வரை போகிறது. இவர்களில் பலரும் சைவ எல்லைக்குள் நிற்பவர்களே. முத்தியில் உயிர் என்னவாகிறது, அப்போதும் மலம் இருக்கிறதா என்பவை அவர்களுக்கு உயிர்நிலைக் கேள்விகள்.

இந்த அக்கறையை இழந்துவிட்டு, ‘எல்லாம் ஒன்றுதானே’ என்று பேச்சை முடிப்பது மரியாதை ஆகாது. உயிரும் பிரம்மமும் ஒன்றே என்கிறது சங்கரரின் அத்துவைதம். உயிர்களும் உலகமும் இறைவனுக்கு உடல் என்கிறது இராமாநுசரின் விசிட்டாத்துவைதம். பதி, பசு, பாசம் மூன்றும் தொடக்கமில்லாதவை என்கிறது சித்தாந்தம். இவை வெவ்வேறு விடைகள். வேதாந்த சித்தாந்த சமரசம் பாடிய தாயுமானவர்கூட இரண்டையும் கற்றறிந்தே பாடினார்.

முறை தவறியபோது

1867இல் வள்ளலாரின் திருவருட்பா அச்சானதைத் தொடர்ந்து எழுந்த பூசலை நாம் மறக்கக் கூடாது. ஒருபுறம் யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலர், மறுபுறம் வடலூர் வள்ளலார். அருட்பா என்னும் சொல் திருமுறைக்கே உரியதா என்பது நல்ல கேள்வி. ஆனால் அது வசைத் துண்டறிக்கைகளாகி, 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. இருவர் மறைவுக்குப் பின்னும் ஓயவில்லை. நா. கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கம், மறைமலையடிகளும் செய்குத்தம்பிப் பாவலரும் மறுபக்கம் என அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. இசுலாமியரான பாவலர் வள்ளலாருக்காக மேடையேறியது தமிழர் பெருமை. ஆனால் அந்தப் பூசலில் நினைவில் நிற்பது வசைதான். கேள்வி கரைந்துபோயிற்று. இன்று நாவலர் பதிப்பித்த நூல்களும் நமக்கு வேண்டும், அருட்பாவும் வேண்டும்.

இங்கே செய்யக்கூடியது

மலேசிய மண்ணுக்கு வேதாந்தம், சித்தாந்தம் என்ற இரண்டு ஓட்டங்களும் சொந்தம். சுவாமி சிவானந்தர் துறவு பூணும் முன் 1913 முதல் சுமார் பத்தாண்டுகள் மலாயாவில் மருத்துவராக இருந்தவர். ஜொகூரிலும் பணி செய்தவர். அவர் வழி வேதாந்தம் இங்கே வேரூன்றியது. யாழ்ப்பாணத்தாரும் தமிழகத்தாரும் திருமுறையையும் சித்தாந்தத்தையும் கொண்டுவந்தார்கள்.

நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிட்டால் தியோமான் தீவுக்குப் போகும் படகுகள் குறையும், மீனவர்களுக்கும் வேலை தளரும். திருவெம்பாவையும் திருப்பாவையும் ஓதும் மார்கழி அப்போதுதான் வருகிறது. அந்த மாதங்களில் கோயில் மண்டபத்தில் வாரம் ஒரு மாலை கூடுங்கள். ஒரு கேள்வியை மட்டும் எடுங்கள். சித்தாந்தி வேதாந்தியின் தரப்பை முதலில் சொல்லட்டும். வேதாந்தி ‘சரி’ என்ற பிறகே மறுக்கட்டும். கிடா வெட்டலாமா, அர்ச்சனை எந்த மொழியில் என்ற கேள்விகளுக்கும் இதே முறை பொருந்தும். இளைஞர்களைக் கேட்க விடுங்கள். ‘உனக்கென்ன தெரியும்’ என்று வாயை அடைக்காதீர்கள். அருணந்தியார் அப்படிச் சொல்லியிருந்தால் நமக்குச் சித்தியார் கிடைத்திருக்காது.

கருத்து மாறவேண்டும் என்பதில்லை. பலர் தம் கொள்கையிலேயே நிற்பார்கள், நிற்கட்டும். ஆனால் அடுத்தவர் கொள்கையைத் தம் வாயால் நேர்மையாகச் சொல்லிப் பார்த்தவர், அவரை மூடர் என்று எண்ணமாட்டார். ஒரே ஊரில், ஒரே பந்தியில் அமர்கிறவர்களுக்கு அவ்வளவாவது வேண்டும். அதை இந்த மார்கழியிலேயே தொடங்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.