போன் ஒன்று மட்டும் போதாது
(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடினார்கள். பாடம் போனில் வரும் என்றார்கள். அப்போது நமது அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. வெட்டுகள் போக மிஞ்சிய காசில் ஸ்மார்ட் போன் வாங்க யாரால் முடிந்தது? ஒரு வீட்டில் ஒரு போன் இருந்தாலும், அது மலைக்குப் போன அம்மாவிடமோ கொழும்பில் வேலை செய்த அப்பாவிடமோ இருந்தது. சாதாரண தரம் எழுதவிருந்த அக்காவும் புலமைப்பரிசில் எழுதவிருந்த தம்பியும் இரவில் அதற்காகச் சண்டை பிடித்தார்கள். கவரேஜ் தேடி மழையில் மேட்டுக்கு ஏறிய பிள்ளைகளை நாமெல்லாம் பார்த்தோம். படிப்பை விட்டு நகரத்துக் கடைகளுக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வகுப்புக்கு வரவேயில்லை. அவர்கள் படிக்க முடியாத பிள்ளைகள் அல்ல.

அதற்காகப் போனே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்கள் தமிழில் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழில் பாடங்கள் உண்டு. ஒருவர் ஒரு தடவை இறக்கி மெமரி கார்டில் போட்டால் பத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். அதற்கு மேலதிக டேட்டா தேவையில்லை. வீடியோ வகுப்பு ரீலோட் காசை விழுங்கிவிடும். குறிப்பின் படமும் ஆசிரியரின் குரல் பதிவும் கொஞ்ச டேட்டாவில் வந்து சேரும். அப்படி அனுப்பும்படி ஆசிரியர்களிடம் நாமே பேச வேண்டும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. போன் வந்துவிட்டது என்று சொல்லி, கணித, விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்பாமல் விட இடம் கொடுக்க மாட்டோம். பிள்ளைக்கு விளங்காத இடத்தில் திருப்பிக் கேட்க ஓர் ஆசிரியர் வேண்டும்.

ஆகவே கமிட்டிகள் மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும். ஒன்று, பிள்ளைக் காம்பராவையோ தோட்ட மண்டபத்தையோ மாலை 6 மணி முதல் 8 மணி வரை பிள்ளைகள் படிக்கத் திறந்துவிடும்படியும், அங்கே வெளிச்சமும் ஓர் இணைய இணைப்பும் தரும்படியும் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். இரண்டு, உயர்தரம் படித்த நமது இளைஞர் ஒருவரை அங்கே பொறுப்பாக வைக்க வேண்டும். மூன்று, கவரேஜ் இல்லாத டிவிஷன்களையும் லயங்களையும் பட்டியலிட வேண்டும். அதை வைத்துத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்குச் சங்கம் மனுக் கொடுக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தப் பட்டியலைக் கையோடு கொண்டுவாருங்கள், தோழர்களே.