பம்பாய் இரத்தம் சொல்லும் பாடம்

(காசிமேட்டில் இரத்ததானம் குறித்து ஆற்றிய உரையின் சுருக்கம்)



உங்கள் இரத்தம் எந்த வகை என்று கேட்டால் ஏ, பி, ஏபி, ஓ என்று நான்கில் ஒன்றைச் சொல்வீர்கள். இந்த நான்குக்குள் எல்லா மனிதரும் அடக்கம் என்றும், ஓ வகையை யாருக்கும் ஏற்றலாம் என்றும் மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நம்பியது.

1952-ல் அந்த நம்பிக்கை உடைந்தது. ஓ இரத்தமும் சேராத சிலரைப் பம்பாயில் டாக்டர் பேண்டே குழுவினர் கண்டறிந்து, 'லான்செட்' இதழில் எழுதினார்கள். அதற்குப் 'பம்பாய் வகை' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அவர்கள் நோயாளிகளா? இல்லை. நம்மைப் போல் ஆரோக்கியமாக வாழ்பவர்கள்தாம். பிறகு என்ன வேறுபாடு?

சுவரில் ஆணி இருந்தால்தான் சட்டையை மாட்ட முடியும். நம் சிவப்பணுக்களில் 'ஹெச்' என்ற பொருள் அந்த ஆணி. அதில் ஏ சட்டை மாட்டினால் ஏ வகை. பி சட்டை மாட்டினால் பி வகை. சட்டை இல்லாமல் ஆணி மட்டும் இருந்தால் ஓ வகை. பம்பாய் வகையினருக்கு ஆணியே இல்லை! ஆகவே ஆணியுள்ள எந்த இரத்தத்தையும் அவர்கள் உடல் அந்நியமாகக் கண்டு அழிக்கிறது. அந்த அணுக்கள் உடைந்தால் சிறுநீரகம் பழுதாகும், உயிரே போகலாம்.

ஆணி இல்லாத சிலரைப் பார்த்த பிறகே, எல்லோரிடமும் அந்த ஆணி இருக்கும் முக்கியத்துவம் விளங்கியது. அதை உண்டாக்கும் மரபணுவில் உள்ள பழுதை 1994-ல் விஞ்ஞானிகள் விளக்கினார்கள்.

இன்னொரு செய்தியும் கேளுங்கள். சீட்டில் 'ஓ' என்று எழுதப்பட்ட தாய்க்கும் ஓ வகைத் தந்தைக்கும் பி வகைக் குழந்தை பிறந்தால் ஊர் என்ன பேசும்? அந்தத் தாய் பம்பாய் வகையாக இருக்கலாம். பி சட்டை அவரிடம் இருந்தது, ஆணிதான் இல்லை. குழந்தைக்குத் தந்தையிடமிருந்து ஆணி கிடைத்தது. அறியாமையால் ஒரு பெண்ணின் மானத்தில் கை வைக்காதீர்கள்!

ஐரோப்பாவில் பத்து இலட்சத்தில் ஒருவர். இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவர். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இது வெளிப்படும். மாமன் மகள், அத்தை மகள் என்று இரத்த உறவுக்குள்ளேயே மணமுடிக்கும்போது அந்த வாய்ப்பு கூடுகிறது. ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும். அவசரத்துக்கு உதவக்கூடியவர் அந்த வீட்டிலேயே இருக்கலாம்.

துறைமுகச் சாலையில் டிரெய்லர் மோதி ஒருவர் அடிபட்டால் ஸ்டான்லி மருத்துவமனைக்கு முதலில் ஓடுபவர்கள் நீங்கள். ஓடுங்கள்! ஆனால் "பொருத்தம் பார்க்க வேண்டாம், சீக்கிரம் ஏற்றுங்கள்" என்று டாக்டரை நெருக்காதீர்கள். மேலோட்டமான சோதனையில் பம்பாய் வகையும் ஓ என்றே தெரியும். அந்தப் பொருத்தச் சோதனைதான் உயிரைக் காக்கும்.

இரத்தத்தைக் குளிர்பெட்டியில் சில வாரங்களே வைத்திருக்க முடியும். ஆகவே அபூர்வ வகையினருக்குச் சேமிப்பு என்பது, கூப்பிட்டதும் வரும் மனிதர்களின் பட்டியல்தான். இளைஞர்களே, முழுமையாகச் சோதித்து, பெயரைப் பதிவு செய்யுங்கள். கடை முதலாளிகளே, இரத்தம் கொடுக்கப் போகும் பையனுக்கு அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள்!