கண்ணின் உள்ளே எழும் அழற்சி
(விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கண் சிவந்தால் 'மெட்ராஸ் ஐ' என்று தாமே முடிவு செய்து, மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்வது வீடுதோறும் காணப்பெறும் வழக்கம். பெரும்பாலும் அச்சிவப்பு ஓரிரு வாரங்களில் தானே தணிந்துவிடும். ஆயினும் அதே சிவப்போடு வந்து, பார்வையையே பறித்துச் செல்லவல்ல வேறொரு நோயும் உண்டு. அதன் பெயர் யுவியைட்டிஸ்.

கண்ணின் வெண்படலத்துக்கும் விழித்திரைக்கும் நடுவே, இரத்த நாளங்கள் செறிந்த ஒரு படலம் இருக்கின்றது. உரித்த திராட்சையை ஒத்திருப்பதால், திராட்சையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து யுவியா என்னும் பெயர் அதற்கு அமைந்தது. அப்படலம் அழற்சியுறுவதே இந்நோய். மெட்ராஸ் ஐ வந்தால் பீளை கட்டும், கண் உறுத்தும். யுவியைட்டிஸிலோ பீளை பொதுவாக இராது. கண்ணுக்குள் வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல், மிதக்கும் கரும்புள்ளிகள் ஆகியவை தோன்றும். கண்ணின் பின்பகுதியில் அழற்சி எழுந்தால் வலியும் சிவப்பும் இல்லாமலே பார்வை குறைவதுண்டு.

இதன் காரணங்கள் பல. காசநோய் போன்ற தொற்றுகள் ஒரு வகை. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே தன் கண்ணைத் தாக்குவது மற்றொரு வகை. காரணம் வேறாயின் மருந்தும் வேறாகும். ஆகவே காரணத்தைத் தேடுவதே மருத்துவத்தின் முதற்படி.

அத்தேடலுக்கு மதுரையே சிறந்த சான்று. 1993-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தை அடுத்து, மதுரை வட்டாரத்தில் யுவியைட்டிஸ் நோயாளிகள் வழக்கத்துக்கு மாறாகத் திரளாக வந்தனர். அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர் இரத்தினம் அவர்களும் உடன் ஆய்ந்தோரும் காரணத்தைத் தேடினர். எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சல் கிருமியே காரணம் என்பது தெரிந்தது. 73 நோயாளிகளைப் பற்றிய அவ்வாய்வு 1997-இல் வெளியாயிற்று. காய்ச்சல் தணிந்து வாரங்களோ மாதங்களோ கழிந்த பின்னரும் கண் பாதிக்கப்படலாம் என்பதால், மருத்துவரிடம் பழைய காய்ச்சலையும் மறவாமல் சொல்ல வேண்டும். ஊர்க் குளங்களிலும் ஆறுகளிலும் நீந்திய தென்னிந்தியச் சிறுவர்களின் கண்களில் தோன்றிய சிறு கட்டிகளை ஆராய்ந்தபோது, ஒருவகைத் தட்டைப்புழுவின் தொடர்பு அங்கும் புலப்பட்டது.

தொற்று இல்லாத யுவியைட்டிஸுக்கு முதல் மருந்து ஸ்டீராய்டு. பாவையை விரிக்கும் சொட்டு மருந்தும் உடன் தரப்படும். பாவையின் விளிம்பு பின்னுள்ள வில்லையோடு ஒட்டிக்கொள்வதை அது தடுக்கும். ஆனால் ஸ்டீராய்டு இருமுனைக் கத்தி. கண்காணிப்பின்றி நீண்ட நாள் விட்டுக்கொண்டால் கண்ணழுத்தம் உயரும், கண்புரையும் உண்டாகும். தொற்று இருக்கையில் தகுந்த மருந்தின்றி இதனை மட்டும் விடுவது தொற்றையே வளர்க்கும். நோய் மீண்டும் மீண்டும் வருமாயின், ஸ்டீராய்டைக் குறைக்கும்பொருட்டு எதிர்ப்பாற்றலை அடக்கும் வேறு மருந்துகள் தரப்படுகின்றன.

அவற்றுள் எது மேல்? இந்தியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சவூதி அரேபியா, மெக்சிகோ ஆகிய நாடுகளின் 9 மையங்களில் 216 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. அதன் முடிவு 2019-இல் வெளியாயிற்று. விலை மலிந்த பழைய மருந்தாகிய மெத்தோட்ரெக்சேட் பெற்றவர்களில் ஏறத்தாழ 67 விழுக்காட்டினருக்கும், மைக்கோஃபினோலேட் பெற்றவர்களில் ஏறத்தாழ 57 விழுக்காட்டினருக்கும் 6 மாதங்களில் நோய் கட்டுக்குள் வந்தது. அவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடிய அளவினதே. எனினும் மைக்கோஃபினோலேட் மேலானதன்று என்பது தெளிவாயிற்று. எளிய குடும்பங்களுக்கு இது பெரும் ஆறுதல்.

ஓர் எச்சரிக்கை: மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்தில் குறித்த ஒரு நாளில் மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இரத்தப் பரிசோதனையும் ஈரல் பரிசோதனையும் தவறலாகாது. கருவுற்ற பெண்கள் இதனை உட்கொள்ளலாகாது.

தாய்மார்கள் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மூட்டுவாதம் உள்ள குழந்தைக்குக் கண் வெள்ளையாகவே இருந்தும் உள்ளே அழற்சி நிகழலாம். குழந்தைக்கு அதைச் சொல்லத் தெரியாது. ஆகவே குறை ஏதும் இல்லையெனினும், மருத்துவர் குறித்த காலந்தோறும் கண் பரிசோதனை செய்விப்பது கடமை.

சிவந்த கண்ணில் வலியோ, கூச்சமோ, மங்கலோ இருப்பின் அன்றே கண் மருத்துவரை நாடுக. பழைய சீட்டைக் காட்டிச் சொட்டு மருந்து வாங்காதிருப்பீராக. வலி தணிந்ததும் மருந்தைத் தாமே நிறுத்தாதிருப்பீராக. இழந்த பார்வை எளிதில் மீளாது. இருக்கும் பார்வையைக் காப்பது கைக்கெட்டும் செயலே.