குடிக்கூலி வீட்டில் ஒரு மகாகவி
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு வாங்கப் பிள்ளைகள் துடித்துக்கொண்டு இருக்கிறார்கள். சுருக்கமாகவே பேசுகிறேன்.

சென்ற விடுமுறையில் என் தாயாரோடு தமிழகம் போய் வந்தேன். அம்மா முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். கோயில் பார்க்கத்தான் வந்தார். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதிப் பெருமாளைச் சேவித்துவிட்டு, பக்கத்துத் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவுக்கு அழைத்துப் போனேன். மகாகவி பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீடு அங்கேதான் இருக்கிறது. 1921-இல் அந்தக் கோயில் யானைக்குத் தீனி கொடுக்கப் போய், அது தாக்கிக் கீழே விழுந்தார்; பிழைத்துக்கொண்டார். ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் நோய் கண்டு இறந்தார். வயது 39 கூட நிறையவில்லை.

சுவரெல்லாம் படங்கள். ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா கேட்டார்:

"ஏய்யா, இது அவருக்குச் சொந்த வீடா?"

"இல்லம்மா, வாடகை வீடு. 1993-லதான் அரசாங்கம் வாங்கி நினைவில்லம் ஆக்குனாங்க."

"அப்போ நம்மள மாதிரிதான்னு சொல்லு."

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

புதுச்சேரியிலும் இதே கதைதான். வெள்ளைக்காரன் பிடியில் அகப்படாமலிருக்க 1908 முதல் 1918 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அந்த ஊரில் தங்கினார். கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் அங்கே பிறந்தவை. குடிக்கூலி கேட்க வரும் வீட்டுக்காரச் செட்டியார், பாரதி பாடிக்கொண்டிருந்தால் உட்கார்ந்து கேட்டுவிட்டு, வாடகையைக் கேட்காமலே போய்விடுவாராம். நண்பர் வ.ரா. எழுதியிருக்கிறார். அப்படி ஒரு செட்டியார் நமக்கெல்லாம் எங்கே கிடைக்கிறார்!

இன்னொன்று. 1904-இல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதம் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தவர் பாரதி. நானும் பயிற்சிக்குப் போகுமுன் தற்காலிக ஆசிரியனாக இருந்தவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, ஒரு ஆறுதலுக்குத்தான்!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இவ்வாண்டுத் தொடக்கத்தில் 'எங்கள் வீடு' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவன் வெற்றுத் தாளை நீட்டினான். "சார், தோட்டத்த வித்துட்டாங்க. அடுத்த வருஷம் லயத்த இடிக்கப் போறாங்க. இத எங்க வீடுன்னு எப்படி சார் எழுதறது?" என்றான். அன்று எனக்குப் பதில் வரவில்லை.

ஊரிலிருந்து திரும்பியதும் அம்மா உட்கார்ந்த அந்தச் சுவரைப் பற்றி அவனிடம் சொன்னேன். மறுநாள் நான்கு பக்கம் எழுதி வந்தான். மழைக்கு ஒழுகும் இடம், தாத்தா நட்ட மாமரம், விடியுமுன் அம்மா தலைவிளக்கு மாட்டும் ஆணி, எல்லாம் அதில் இருக்கின்றன. கட்டுரைப் போட்டியில் முதற்பரிசு அதற்குத்தான். இம்மலரிலும் அச்சாகியிருக்கிறது, வாசியுங்கள்.

பெற்றோர்களே, லயத்தைக் காலி செய்யும்போது பழைய படங்கள், சம்பளச் சீட்டுகள், பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகள் எதையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வைக்க இடமில்லையென்றால் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து கொடுங்கள். நூலக அறையில் ஒரு அலமாரியைக் காலி செய்து வைத்திருக்கிறோம்.