பெயர்ச்சீட்டில் எழுதும் உண்மை



இந்த மேடையில் இலக்கியம் அறிந்தோரும் இலக்கணம் அறிந்தோரும் பேசுவது வழக்கம். மலேசியப் பல்கலைக்கழக வேதியியல் ஆய்வுக்கூடத்தில் மாணவர்க்குக் கரைசல் ஆயத்தம் செய்யும் எங்களை அழைத்தபோது, "மொழிக்கும் உங்கள் வேலைக்கும் என்ன தொடர்பு?" என்று நண்பர்கள் கேட்டனர். நாங்களும் சில நாள் அதையே எண்ணிப் பார்த்தோம். எங்கள் பணியில் பாதி கையால் செய்வது. மறுபாதி எழுதுவது என்பது அப்போது தெளிவாயிற்று. நாங்கள் எழுதுவது புட்டியின் மேல் ஒட்டப்படும் சிறு பெயர்ச்சீட்டில். அதில் ஐந்தாறு சொற்களும் இரண்டு மூன்று எண்களுமே இருக்கும். ஒரு வகுப்பு முழுவதும் அதை நம்பி வேலை செய்கிறது. அந்தச் சிறிய எழுத்தின் பொறுப்பைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

வகுப்புக்கு முந்திய வேலை

முதலாம் ஆண்டு மாணவர் 120 பேர் காடியில் உள்ள அமிலத்தின் அளவைத் தரம் பார்த்தல் முறையில் கண்டறியப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பு மூன்று மணி நேரம் நடக்கும். அதற்கான வேலை இரண்டு மூன்று நாள் முன்னரே தொடங்கிவிடும்.

ஒருவருக்கு, கருவியை அலசுவதற்கும் சேர்த்து, 150 மில்லிலிட்டர் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் வேண்டும். 120 பேருக்கு 18 லிட்டர். சிந்துவதையும் மீண்டும் செய்வோரையும் கருதி 20 லிட்டர் ஆயத்தம் செய்வோம். லிட்டருக்கு 0.1 மோல் செறிவு வேண்டுமானால், லிட்டருக்கு 4 கிராம் வீதம் 80 கிராம் நிறுக்க வேண்டும். கேட்பதற்கு இது எளிய கணக்கு. ஆனால் நம் நாட்டுக் காற்றின் ஈரப்பதத்தில், புட்டியைத் திறந்த சில நிமிடங்களிலேயே அந்த வெள்ளை மணிகள் வியர்த்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். அவை காற்றிலுள்ள நீரையும் கரியமில வாயுவையும் ஈர்த்துக்கொள்வன. தராசு 80 கிராம் என்று காட்டினாலும், அந்த 80 கிராமும் சோடியம் ஹைட்ராக்சைடு என்று சொல்ல இயலாது.

ஆகவே கரைத்து ஆறவைத்த பின்னர், பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் என்னும் தூய பொருளை நிறுத்து எடுத்து, அதைக்கொண்டு கரைசலின் உண்மைச் செறிவைக் காண்போம். மூன்று முறை செய்து, மூன்றும் ஒத்துவந்தால்தான் பெயர்ச்சீட்டில் எண்ணை எழுதலாம். இதனிடையே பியூரெட்டுகளின் திருகுகள் ஒழுகுகின்றனவா, முனை உடைந்துள்ளதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கண் கழுவும் குழாயில் நீர் வருகிறதா, புகைபோக்கிப் பெட்டி காற்றை இழுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வகுப்பு முடிந்த பின்னர் கழிவுகளை இனம்பிரித்துத் தனித்தனிப் புட்டிகளில் சேர்த்து, 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளின்படி ஒப்படைக்க வேண்டும்.

உயிரியல் பிரிவிலுள்ள தோழர்களுக்கும் இதே ஈரப்பதமே பகை. நுண்ணோக்கியின் வில்லையில் பூஞ்சை படர்ந்துவிட்டால், மாணவர் காண்பது உயிரணுவையா பூஞ்சையின் இழையையா என்ற ஐயம் எழும். அதனால் விடுமுறைக் காலத்திலும் கருவிகளை உலர்பெட்டியில் வைத்துக் காப்பதும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளின் நிறம் மாறிவிட்டதா என்று பார்ப்பதும் அவர்களின் அன்றாடப் பணியாகும்.

சீட்டின் இலக்கணம்

பெயர்ச்சீட்டுக்கு ஓர் இலக்கணம் உண்டு. பொருளின் பெயர், செறிவு, ஆயத்தம் செய்த நாள், செய்தவர் பெயர், தீங்கின் தன்மை ஆகிய ஐந்தும் அதில் இருத்தல் வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது நிறைவான சீட்டாகாது.

நாளைக் குறிப்பது சிறு செயல் என்று தோன்றலாம். டைஎத்தில் ஈதர் புட்டியைத் திறந்த பின்னர், அது காற்றுடன் வினைபுரிந்து நாளடைவில் பெராக்சைடுகளை உண்டாக்கும். அந்த நிலையில் அதைக் காய்ச்சி வடித்தால் வெடிக்கக்கூடும். கண்ணுக்கு நேற்றைய ஈதரும் இரண்டாண்டுப் பழைய ஈதரும் ஒன்றுபோலவே தெரியும். வேறுபாட்டைச் சொல்வது புட்டியில் எழுதப்பட்ட நாள் ஒன்றே. அதை எழுத மறந்தவர் பணி ஓய்வு பெற்றுச் சென்றிருப்பார். திறப்பவரோ வேறு ஒருவராக இருப்பார்.

தீங்கைக் குறிக்கும் சொற்களுக்கும் வரையறை உண்டு. ஐக்கிய நாட்டு நிறுவனம் 2003இல் வெளியிட்ட உலகப் பொது முறைமை, சிவப்புக் கரையிட்ட ஒன்பது சாய்சதுரக் குறிகளையும் இரண்டு குறிச்சொற்களையும் வகுத்தது. நம் நாட்டில் 2013ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி, விற்பனைக்கு வரும் தீங்குதரும் வேதிப்பொருளின் சீட்டு மலாயிலும் ஆங்கிலத்திலும் அமைய வேண்டும். அதில் கடுமையான தீங்குக்குப் 'பஹாயா' என்றும் அதனினும் குறைந்ததற்கு 'அமாரான்' என்றும் இருக்கும். இரண்டும் ஒரே பொருள் தரும் சொற்கள் அல்ல; ஒன்று மேற்படி, மற்றது கீழ்ப்படி.

தமிழில் நாம் 'அபாயம்', 'ஆபத்து', 'எச்சரிக்கை', 'கவனம்' ஆகியவற்றை ஓசைக்கு ஏற்பவும் இடத்திற்கு ஏற்பவும் மாற்றி மாற்றி எழுதிவிடுகிறோம். கட்டுரையில் அது சொல்வளம். புட்டியின்மேல் அது குழப்பம். தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் கற்று வரும் பிள்ளை, பின்னர் மலாயிலும் ஆங்கிலத்திலும் இந்தச் சொற்களைச் சந்திக்கிறது. 'பஹாயா'வுக்கு 'அபாயம்', 'அமாரா'னுக்கு 'எச்சரிக்கை' என்று தொடக்கத்திலேயே நிலைபெற்ற இணைகளைக் கொடுத்துவிட்டால், அந்தப் பிள்ளை மூன்று மொழியிலும் ஒரே படிநிலையைக் காணும். சொல்லாக்கத்தில் அக்கறையுள்ள இம்மன்றம் இதனைக் கருத வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

எங்கள் பிழை ஒன்று

இனி, சொல்லக் கூசும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னர், நாங்கள் பணியாற்றிய ஓர் ஆய்வுக்கூடத்தில் முன்சொன்ன காடிப் பயிற்சி நடைபெற்றது. அந்த வாரம் ஆள் பற்றாக்குறை. நெடுநாள் முன்பு திறந்த புட்டியிலிருந்து மணிகளை நிறுத்துக் கரைத்தோம். செறிவைச் சரிபார்க்க நேரம் இருக்கவில்லை. சீட்டில் 0.100 என்று எழுதி ஒட்டிவிட்டோம்.

இங்கே அந்த எண்ணைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். 0.1 என்று எழுதினால் "ஏறத்தாழ இவ்வளவு" என்று பொருள். 0.100 என்று எழுதினால் "மூன்றாம் இலக்கம் வரை அளந்து பார்த்தோம்" என்று பொருள். இரண்டு சுழியம் கூடுதலாக எழுதியதால், செய்யாத ஒரு வேலையைச் செய்ததாகச் சொல்லிவிட்டோம்.

வகுப்பு முடிந்தது. ஏறக்குறைய எல்லா அறிக்கைகளிலும் காடியின் அமில அளவு 4.5 விழுக்காடு என்றே இருந்தது. முந்திய ஆண்டு மாணவர்கள் கண்ட விடையும் அதுவே. ஒரு மாணவி மட்டும் 4.9 என்று எழுதியிருந்தார். அவருக்கு மதிப்பெண் குறைந்தது. கவனக்குறைவு என்ற குறிப்பும் கிடைத்தது. அவர் எங்களிடம் வந்தது முறையிடுவதற்காக அன்று. "மூன்று முறையும் 20.4 மில்லிலிட்டரே வந்தது. நான் எந்த இடத்தில் தவறு செய்தேன் என்று சொல்லுங்கள், ஐயா" என்று கேட்டார்.

மீதமிருந்த கரைசலை எடுத்துச் செறிவைக் கண்டோம். அது 0.092 ஆக இருந்தது. கணக்கைத் திருப்பிப் போட்டோம். அத்தகைய கரைசலைக் கொண்டு அந்தக் காடியை அளந்தால் 20.4 மில்லிலிட்டர்தான் வர வேண்டும். சீட்டிலிருந்த எண்ணை நம்பிக் கணக்கிட்டால் 4.9தான் கிடைக்க வேண்டும். 4.5 வர வேண்டுமென்றால் பியூரெட்டில் 18.7 அல்லவா காட்டியிருக்க வேண்டும்? அன்று அந்த அறையில் எவருக்கும் 18.7 காட்டியிருக்க முடியாது.

விரிவுரையாளரிடம் சென்று பிழை எங்களுடையது என்று ஒப்புக்கொண்டோம். அவர் அந்த மாணவியின் மதிப்பெண்ணைத் திருத்தினார். ஆனால் எங்களை உறுத்தியது மற்றவர்களின் அறிக்கைகளே. அவர்களைப் பொய்யர் என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. தங்கள் கண் கண்டதற்கும் எங்கள் சீட்டுக்கும் இடையே முரண்பாடு வந்தபோது, அவர்கள் சீட்டை நம்பினர். நம்பத் தகுந்ததாக அதை எழுத வேண்டியவர்கள் நாங்கள். உண்மையை எழுதக் கற்பிக்கும் அறையில், கண்டதை மாற்றி எழுதுவதற்குரிய சூழலை நாங்களே உண்டாக்கிவிட்டோம்.

அன்று தொடங்கி ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டோம். சரிபார்க்காத கரைசலின் சீட்டில் 'ஏறத்தாழ' என்ற சொல்லை எழுதுவோம். சரிபார்த்த பின்னரே முழு எண்ணை எழுதி, செய்தவரும் சரிபார்த்தவரும் ஆக இருவர் கையொப்பமிடுவோம். 'ஏறத்தாழ' என்பது நேர்மையான சொல் என்பதை அந்த மாணவியிடமிருந்து கற்றோம்.

பெயர் பதியாத கைகள்

அறிவியல் வரலாற்றில் எங்கள் பணிக்குப் பழமையான இடம் உண்டு. மைக்கேல் ஃபாரடே 1813இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆய்வுக்கூட உதவியாளராகவே சேர்ந்தார். பேரறிஞராக உயர்ந்த பின்னரும், நிறுத்தல், வடிகட்டல், கண்ணாடிக் குழாயை வளைத்தல் முதலான கைவேலைகளை விளக்கி 1827இல் ஒரு பெருநூலை வெளியிட்டார். அவருக்குத் துணையாக, பீரங்கிப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற சார்ஜென்ட் ஆண்டர்சன் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்தக் கூடத்தில் இருந்தார். ஃபாரடேயின் பெயரை அறியாத மாணவர் இல்லை. ஆண்டர்சனின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

புகழ் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் கவலை வேறு. எந்தத் தராசு மழைநாளில் தடுமாறும், எந்தப் பயிற்சியில் மாணவர் வழக்கமாகக் கையைச் சுட்டுக்கொள்வர் என்பன போன்ற அறிவு, பெரும்பாலும் எங்கள் மூத்தோரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர்கள் ஓய்வு பெறும்போது அதுவும் அவர்களோடு போய்விடுகிறது. ஆகவே இளைய தோழர்களிடம் நாங்கள் சொல்வது ஒன்றே: குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எளிய சொல்லில், அடுத்து வருபவர்க்கு விளங்கும்படி எழுதுங்கள்.

நிறைவாக

ஆசிரியப் பெருமக்களே, பயிற்சி வகுப்பின் முதல் நாளில் மாணவர்களை ஆயத்த அறைக்குள் ஒருமுறை அழைத்து வாருங்கள். கரைசல் எவ்வாறு உருவாகிறது என்பதை அவர்கள் காணட்டும். ஒரு பெயர்ச்சீட்டைத் தம் கையாலேயே எழுதட்டும். விடை வழக்கத்துக்கு மாறாக வந்தால், மாணவரின் கையை ஐயுறுவதற்கு முன்னர் எங்கள் புட்டியையும் ஐயுறுங்கள். அதனால் நாங்கள் வருந்த மாட்டோம்.

மாணவச் செல்வங்களே, பியூரெட் 20.4 என்று காட்டினால் 20.4 என்றே எழுதுங்கள். அது நீங்கள் எதிர்பார்த்த எண்ணாக இல்லாவிட்டாலும், நண்பர் எழுதிய எண்ணாக இல்லாவிட்டாலும் அதையே எழுதுங்கள். பின்னர் எங்கள் அறைக் கதவைத் தட்டி, ஏன் என்று கேளுங்கள். அந்த மாணவி கேட்டதனால்தான் எங்கள் பிழை எங்களுக்குத் தெரிந்தது.